பையில் ஒரு கல்: கூட்டத்தின் முன்னால் பிரசன்டேஷன் கொடுக்கப் போகிறவர்களுக்கு

ஆத்தங்குடியில் எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. முழங்கால் வலியால் அப்பாவுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க முடியாமல் போனதும், 2009ல் பட்டறைப் பொறுப்பு என் கைக்கு வந்தது. டைல்ஸை நாங்கள் கல் என்றுதான் சொல்வோம். கல் செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தக் கல்லைப் பற்றி நூறு பேர் முன்னால் நின்று பேசத்தான் தெரியாது. இப்போது வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் பேசுகிறேன். கட்டடக்கலைக் கல்லூரி, பொறியாளர்கள் கூட்டம், வங்கி, மகளிர் குழு, வீடு கட்டுகிறவர்களுக்கான கண்காட்சி என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள், கொட்டான் என்கிற ஓலைக் கூடை பின்னுகிற பெண்கள், பலகாரம் போட்டு விற்கிறவர்கள் எனப் பலரும் போன் செய்து, "எங்களையும் பேசக் கூப்பிட்டிருக்காங்க, எப்படிப் பேசுறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என் முதல் பேச்சு எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் சரி. 2011. சென்னையில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி. 40 நிமிடம் என்றார்கள். நான் 74 ஸ்லைடு தயார் செய்தேன். முதல் 30 ஸ்லைடும் செட்டிநாட்டு வரலாறு: முன்பு 96 ஊர், நகரத்தார் கோயில் ஒன்பது, பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. எங்கள் கல் 33ஆம் ஸ்லைடில்தான் வந்தது. தொடக்க விழா நீண்டு போனதால் எனக்குக் கிடைத்தது 25 நிமிடம். நான் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன்; அவர்கள் கணினியில் அது இல்லாததால் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக, யாருக்கும் புரியாமல் வந்தது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள், எதிரே யார் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. கல்லுக்கு வருவதற்குள் "முடித்துக்கொள்ளவும்" என்ற சீட்டு வந்துவிட்டது. ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க ஒன்றே ஒன்றுதான் மனதை அறுத்தது: என் கைப்பையில் ஒரு கல் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவே இல்லை.

முகம் முதலில்

எங்கள் கல் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கீழே ஒரு கண்ணாடி. அதன்மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவத்து அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய கலரை ஊற்ற வேண்டும். சிமெண்டில் கரைத்த கலர் அது. அச்சைத் தூக்கியதும் ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் கலவையைப் போட்டு மட்டம் தட்டிவிடுவோம். அப்புறம் காயவிட்டுச் சில நாள் தண்ணீர்த் தொட்டியில். கண்ணாடியை எடுத்த பிறகுதான் பூவைப் பார்க்க முடியும். அதாவது, மிதிக்கிறவர் பார்க்கப் போகும் முகத்தைத்தான் முதலில் செய்கிறோம். முதுகு கடைசியில்தான்.

பேச்சையும் இந்த வரிசையில் செய்யக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. ஸ்லைடைத் திறப்பதற்கு முன்னால், கணினியைத் தொடுவதற்கு முன்னால், ஒரு வாக்கியம் எழுதுங்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய் மனைவியிடமோ கணவனிடமோ "இன்னைக்கு ஒருத்தங்க பேசினாங்க" என்று சொல்லும்போது, அடுத்து அவர் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம் அது. கட்டடக்கலை மாணவர்களுக்கு என் வாக்கியம் இது: "சூளையில் சுடாத இந்தக் கல்லை உங்கள் வரைபடத்தில் ஓர் அறைக்காவது எழுதுங்கள்." இதில் கல்லைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது, அவர்கள் செய்ய வேண்டிய ஒரு காரியமும் இருக்கிறது. இரண்டும் இருந்தால்தான் எனக்கு அது வாக்கியம்.

எழுதிய பிறகு, அந்த வாக்கியத்துக்கு உதவாத எதையும் எடுத்துவிட வேண்டும். இதுதான் வலிக்கும். ஒன்பது கோயிலையும் எடுத்துவிட எனக்கு மனசே வரவில்லை. பட்டறையில் முப்பது வருஷமாகக் கலர் ஊற்றும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரை உட்கார வைத்து ஒருநாள் சாயங்காலம் முழுப் பேச்சையும் பேசிக் காட்டினேன். கேட்டுவிட்டு, "தாயி, கல்லைக் கையில தூக்குன பாரு, அங்கதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுக்கு முன்னால சொன்னதெல்லாம் எதுக்கு?" என்றார். அன்று 74 ஸ்லைடு 14 ஆனது. இன்றுவரை 14தான்.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1947ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார், நகரத்துக்கு வெளியே கல்லூரிகள் தொடங்க வசதி படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அங்கே இருந்த அழகப்பச் செட்டியார் எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். அதே ஆண்டில் கல்லூரியும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதை வள்ளலின் பெருமையாகச் சொல்வோம், அது நியாயம்தான். நான் வேண்டுகோள் வைத்த முதலியாரையும் சேர்த்து நினைக்கிறேன். யாரால் முடியுமோ அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அவர்களால் முடிகிற ஒன்றை வெளிப்படையாகக் கேட்டார் அவர்.

கூப்பிட்டவரிடம் கேட்க வேண்டியவை

யார் வருகிறார்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எனக்கு முன்னால் யார் பேசுகிறார், மைக் கையில் பிடிப்பதா சட்டையில் மாட்டுவதா, விளக்கை அணைக்காமல் திரை தெரியுமா. இந்த ஆறையும் போனிலேயே கேட்டுவிடுவேன். கேட்கச் சங்கடப்பட வேண்டாம். கூப்பிட்டவர்களுக்கு அது மரியாதையாகத்தான் படும்.

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். ஒரு வங்கியில் கடனுக்காகப் பேசப் போனபோது எங்கள் டிசைன்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அதிகாரிகள் பொறுமையாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் கேட்டது இவ்வளவுதான்: "ஆர்டர் வந்த நாள்லேர்ந்து பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும்மா?" அதற்கு என்னிடம் ஸ்லைடும் இல்லை, உடனே சொல்லப் பதிலும் இல்லை. அடுத்த முறை ஒரே ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டேன். முன்பணம் வந்த தேதி, அச்சு வெட்டியது, ஊற்றியது, தொட்டியில் கிடந்தது, லாரி ஏறியது, மீதிப் பணம் வந்தது என்று ஒரே கோட்டில் வரைந்து காட்டினேன். பூ டிசைன் ஒன்றுகூட இல்லை. கடன் கிடைத்தது. அதே கல்லைப் பற்றி வீடு கட்டுகிறவரிடம் பேசினால் அவருக்கு வேண்டியது துடைப்பது எப்படி, வழுக்குமா, பாட்டி விழுந்துவிடுவாரா என்பதுதான். கட்டடக்கலைஞருக்கு அளவும், ஓரக்கல் எப்படி முடிகிறது என்பதும்.

ஸ்லைடு

ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் அல்லது ஒரு வரி. இரண்டும் வேண்டுமென்றால் படம் முழுத்திரைக்கு, வரி அதன் ஓரத்தில். மக்கள் படிக்கும்போது கேட்க மாட்டார்கள். திரையில் நீங்கள் எழுதிவைத்ததை நீங்களே படித்தால் அவர்கள் உங்களுக்கு முன்னால் படித்து முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். எழுத்தின் அளவைச் சோதிக்க ஒரு வழி: மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு எட்டடி பின்னால் போய் நின்று பாருங்கள். படிக்க முடியவில்லையா, பெரிதாக்குங்கள். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு, அதனால் ஆங்கிலத்துக்குப் போதும் என்கிற அளவு நமக்குப் போதாது. வரிகளுக்கு நடுவிலும் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள்.

எழுத்துரு விஷயத்தில் நான் பட்டது உங்களுக்கு வேண்டாம். யூனிகோடில் மட்டும் அடியுங்கள். முடித்ததும் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி சேமியுங்கள்; அதில் எழுத்து மாறாது. அந்தப் பிரதி பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, போனில் ஒன்று. சொந்த மடிக்கணினி கொண்டுபோனால் அதன் துளைக்கும் அவர்களுடைய எச்டிஎம்ஐ கேபிளுக்கும் பொருந்துமா என்று பார்த்து, இணைப்பான் ஒன்றை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பவர்பாயின்டில் இரண்டு விசைகள் எனக்குப் பெரிய உதவி. ஸ்லைடு ஓடும்போது ஆங்கில 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். எல்லாக் கண்ணும் உங்களிடம் வரும். மறுபடி அழுத்தினால் படம் வரும். இன்னொன்று, ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போய்விடலாம். கேள்வி நேரத்தில் "அந்தப் படத்தை மறுபடி காட்டுங்க" என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. எண்களை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கையில் வைத்திருப்பேன்.

படம் எடுக்கும்போது ஒரு யோசனை. கானாடுகாத்தான் வீடுகளின் வளவை, அதாவது நடு முற்றப் பகுதியை, எல்லோரும் அகலமாக எடுத்துக் காட்டுகிறார்கள். தூண் தெரியும், முற்றம் தெரியும், தரை தெரியாது. தரையைப் பற்றிப் பேசப்போகிற நான் குனிந்து, ஒரு குழந்தையின் கால் கல்லின்மேல் நிற்கிற மாதிரி எடுத்தேன். அளவும் புரிந்தது, குளிர்ச்சியும் புரிந்தது. உங்கள் பொருள் எதுவோ, அதை யாரோ ஒருவர் பயன்படுத்துகிற மாதிரி எடுங்கள்.

எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன். ஏனென்றால் பிரசன்டேஷன் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் சிக்கல் வேறு.

நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது இன்னொரு தமிழ். பேச்சை முழு வாக்கியங்களாக எழுதிவைத்துக்கொண்டால் மேடையில் அதை அப்படியே ஒப்பிப்போம். அது செய்தி வாசிப்பது போல இருக்கும். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். அதனால் நான் வாக்கியம் எழுதுவதே இல்லை. ஸ்லைடுக்கு மூன்று நான்கு சொல், அவ்வளவுதான். "கண்ணாடி, அச்சு, கலர், தொட்டி." மீதியைப் பேச்சுத் தமிழில், பட்டறைக்கு வந்த வாடிக்கையாளரிடம் சொல்வது போலச் சொல்கிறேன். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் மனப்பாடம்.

அடுத்தது, நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "இந்தக் கல்லைச் சூளையில் சுடுவது கிடையாது" என்று சொல்கிறேன். வாக்கியம் முடியும்போது மூச்சும் தீரும், குரலும் இறங்கும். கடைசி வரிசைக்காரருக்கு "சூளையில் சுடுவது" வரைதான் கேட்கும். நான் சொன்னதற்கு நேர் எதிரானதைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போவார். உண்டு, இல்லை, முடியும், முடியாது, வேண்டும், வேண்டாம் எல்லாமே நமக்குக் கடைசியில்தான். அந்தச் சொல்லுக்கு என்று கொஞ்சம் மூச்சை மிச்சம் வையுங்கள். பழகுவதற்கு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் அழுத்திச் சொல்லி ஒரு வாரம் வீட்டில் பேசிப் பாருங்கள். முதலில் செயற்கையாகத் தெரியும். போனில் பதிவு செய்து கேட்டால் அப்படித் தெரியாது.

இன்னொன்று, செய்து, ஊற்றி, தூவி, தட்டி, காயவைத்து என்று எச்சமாகவே அடுக்கிக்கொண்டு போகிற பழக்கம். எழுத்தில் கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும், காதால் அது முடியாது. பேசும்போது ஒவ்வொன்றையும் முடித்து முடித்துச் சொல்லுங்கள். "கலரை ஊத்துறோம். அச்சைத் தூக்குறோம். மேல மணலைத் தூவுறோம்." ஒவ்வொரு முற்றுக்கும் ஒரு மூச்சு.

தமிழ் தெரியாதவர்கள் இருக்கும் கூட்டம் என்றால் தெரியாத ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிட மொழிபெயர்க்கிறவரை வைத்துக்கொண்டு தமிழில் பேசுவது நல்லது என்பது என் முடிவு. அப்போது நேரம் பாதியாகிவிடும். 30 நிமிடம் என்றால் 15 நிமிடப் பேச்சுத்தான் தயார் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு நம் தொழில் சொற்களை முந்தைய நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வளவு, முகப்பு, பட்டாலை, அச்சு, இவையெல்லாம் அவருக்குத் திடீரென்று வந்தால் திணறுவார்.

மேடை ஏறிய முதல் நிமிடம்

"மேடையில் வீற்றிருக்கும்" என்று தொடங்கி ஒவ்வொருவராகப் பதவியோடு சொல்லி வணங்குவது நம் வழக்கம். மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. வரவேற்புரையில் ஒருவர் அதை முழுவதும் செய்துவிட்டார். மறுபடி நாமும் செய்தால் கேட்பவரின் கவனம் அங்கேயே கரைந்துவிடும். "அவையில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்" என்று ஒரே வரியில் கைகூப்பிவிட்டுக் கல்லைத் தூக்கிவிடுவேன்.

"இந்தக் கல்லை எத்தனை டிகிரியில் சுட்டிருப்பாங்க? ஐநூறுன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க. ஆயிரம்? ஆயிரத்துக்கு மேல?" கைகள் எழும். கடைகளில் விற்கிற விட்ரிஃபைடு டைல்ஸை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள் என்று படித்த மாணவர்கள் நம்பிக்கையோடு தூக்குவார்கள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நெருப்பே கிடையாது" என்பேன். கூட்டம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடும். அடுத்த 20 நிமிடத்துக்கு அந்தச் சலசலப்புதான் என் மூலதனம். எப்படி நெருப்பில்லாமல் இறுகுகிறது, சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து எப்படிக் கெட்டியாகிறது, ஏன் தொட்டியில் ஊறப்போடுகிறோம், கண்ணாடியின் வழவழப்பு எப்படிக் கல்லின் முகத்துக்கு வருகிறது எல்லாவற்றையும் அவர்களே கேட்கத் தயாராகிவிடுவார்கள்.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு கேள்வி நிச்சயம் இருக்கிறது. வெளியாட்கள் எதைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசியுங்கள், கேள்வி அங்கே கிடக்கும். கொட்டான் பின்னுகிற ஒரு பெண்ணுக்கு நாங்கள் சேர்ந்து கண்டுபிடித்தது, "இதுக்கு எத்தனை ஓலை வேணும்னு நினைக்கிறீங்க?" என்பதுதான். சின்னக் கொட்டானைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதைக் கேட்டதும் முன்வரிசையில் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

படபடப்பு

படபடப்பு இப்போதும் எனக்கு உண்டு. அது போக வேண்டும் என்று நான் காத்திருப்பதில்லை. கூட்டம் சேர்வதற்கு அரை மணி முன்னால் போய், காலி நாற்காலிகளைப் பார்த்தபடி மேடையில் இரண்டு நிமிடம் நிற்பேன். மைக்கைத் தட்டாமல், ஊதாமல், என் முதல் வாக்கியத்தையே சொல்லிப் பார்ப்பேன். வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி போதும். தலை திரும்பினால் மைக்கும் கூடத் திரும்ப வேண்டும். திரையைப் பார்த்துப் பேசும்போது குரல் காணாமல் போவது இதனால்தான். வருகிறவர்களில் இரண்டு மூன்று பேரோடு "எந்த ஊருங்க?" என்று பேசி வைத்துக்கொள்வேன், பேசும்போது முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். வெந்நீர் ஒரு டம்ளர். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவதுதான் நெஞ்சை அடக்குகிறது.

கை நடுங்கினால் கையில் ஏதாவது கனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காகிதம் பிடித்தால் நடுக்கம் இரண்டு மடங்காகத் தெரியும். கல் நடுங்காது.

என் மகள் கூட வந்தால் கடைசி வரிசையில் உட்காருவாள். குரல் எட்டவில்லை என்றால் துப்பட்டாவைத் தோளில் இழுத்துப் போடுவாள். வேகமாகப் பேசினால் நெற்றியைத் தொடுவாள். வேறு யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் இருக்கட்டும்.

மதியம் இரண்டு மணி

செட்டிநாட்டில் கூட்டம் என்றால் இலை போட்டுச் சாப்பாடு உண்டு. அதற்குப் பிறகு இரண்டு மணிக்குப் பேச அழைத்தால் முடிந்தவரை மாற்றிக் கேளுங்கள். முடியாவிட்டால் திட்டத்தை மாற்றுங்கள். விளக்கை அணைக்கவே கூடாது. ஸ்லைடைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கூட்டத்தை எழுப்பி மேசையைச் சுற்றி நிற்க வைத்துக் கலர் ஊற்றிக் காட்டுவேன். ஐம்பது பேருக்கு மேல் என்றால் ஊற்றிக் காட்ட முடியாது. அப்போது கல்லைச் சுற்றுக்கு விடுவேன். அதற்கும் முறை இருக்கிறது. இரண்டு கல்லுக்கு மேல் விடக்கூடாது. முதல் வரிசையிலிருந்து விட்டால் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது, அதனால் பின்னாலிருந்து விட வேண்டும். கல் கைமாறும் அந்த நேரத்தில் முக்கியமான எதையும் சொல்லக் கூடாது. தொட்டுப் பார்க்கிறவர் காதை மூடிவிடுகிறார், அது அவர் தப்பில்லை. அந்த நேரத்துக்கு ஒரு சின்னக் கதை வைத்திருங்கள்.

கடிகாரம்

காரைக்குடியில் 1939ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவைப் பற்றி அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். அறிவித்த நேரத்துக்குத் தொடங்கும், கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள், எவ்வளவு பெரிய பேச்சாளராக இருந்தாலும் கொடுத்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அப்பா மணியைப் பார்த்துக்கொண்டே சைக்கிளை மிதித்துப் போவாராம். கேட்கிறவர்களின் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு கொடுத்த ஊர் இது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. பொன்னாடை, நினைவுப்பரிசு, குத்துவிளக்கு என்று முன்னால் போனதெல்லாம் கடைசியில் பேசுகிறவரின் நேரத்திலிருந்துதான் கழியும். அதனால் ஒரே பேச்சுக்கு மூன்று அளவு தைத்து வைத்திருக்கிறேன்: 40 நிமிடம், 20 நிமிடம், 7 நிமிடம். எந்த ஸ்லைடுகளை விட வேண்டும் என்று அட்டையில் குறித்திருக்கும். விடுவது எப்போதும் நடுவிலிருந்துதான். தொடக்கக் கேள்வியும் கடைசி வேண்டுகோளும் ஏழு நிமிடப் பேச்சிலும் இருக்கும். "நேரமில்லை, அதனால் வேகமாகச் சொல்கிறேன்" என்று சொல்லி 40 நிமிடத்தை 20க்குள் திணிக்காதீர்கள். நேரம் குறைந்தது அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் மூன்று முறை வாய்விட்டு, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. மேடையில் வீட்டைவிட நேரம் கூடத்தான் ஆகும். 20 நிமிடம் கொடுத்தால் நான் 16 நிமிடத்துக்குத் தயார் செய்கிறேன்.

கேள்விகள்

கேள்வி வந்ததும் அதை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

குறையைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். "கறை படியுமா?" என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். படியும். எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே கிடந்தால் சிமெண்ட் அரிக்கும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் முகமே போய்விடும். கையால் செய்வதால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் கலரில் சின்ன வித்தியாசம் இருக்கும். இதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு, மிதிக்க மிதிக்கப் பளபளப்பு ஏறும் என்று நான் சொல்வதையும் நம்புகிறார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இன்னும் கடினம். ஒரு பொறியாளர், உங்கள் கல் எத்தனை சதவீதம் தண்ணீர் உறிஞ்சும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லத் தோன்றியது. "தெரியலைங்க. சோதனைக்குக் கொடுத்துட்டு உங்களுக்கு எழுதுறேன்" என்று சொல்லி அவர் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆய்வகத்தில் கொடுத்து, அறிக்கை வந்த அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சில மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு அவரிடமிருந்து ஆர்டர் வந்தது. அந்த அறிக்கை இப்போது என் 12ஆம் ஸ்லைடு.

கடைசி ஸ்லைடில் "நன்றி" என்று மட்டும் போட்டு வீணாக்காதீர்கள். கேள்வி நேரம் முழுக்க அதுதான் திரையில் நிற்கப் போகிறது. நான் அந்தக் குழந்தையின் கால் படத்தையும், என் வேண்டுகோளையும், பட்டறை போன் எண்ணையும் போட்டிருக்கிறேன். கூட்டத்தில் கை தூக்கக் கூச்சப்படுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் மேசைப் பக்கம் வந்து கல்லைத் தடவிப் பார்த்தபடி கேட்பார்கள். எனக்கு வந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை அந்த அரை மணி நேரத்தில் வந்தவை. அதனால் சென்னையில் மதியப் பேச்சு இருக்கிற நாளில் திரும்புவதற்கு, பிற்பகலிலேயே கிளம்பிவிடும் பல்லவன் ரயிலில் டிக்கெட் எடுக்க மாட்டேன். இரவு வண்டிதான்.